இடுப்பளவு

டயாலிசிஸ் வார்டில் அவருக்குத் 'தராசு' என்று பட்டப்பெயர். மற்றவர்கள் ஒரு சிகிச்சைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆசைக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு எடை மேடையில் திருட்டு முழி முழிப்பார்கள். இவர் தொண்டை வறண்டாலும் அளந்துதான் குடிப்பார். நீரை எடுத்து முடித்ததும் எடை எங்கே நிற்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாரோ, வருஷக்கணக்காக அங்கேயே நிற்கும். லாரி ஓட்டிய காலத்தில்கூட மனுஷனுக்கு இத்தனை பெருமை கிடையாது.

மனைவி தையல்காரி. எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் அவர் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டே வந்ததில் பேண்ட் இடுப்பில் நிற்காமல் போனது அவள் கண்ணில்தான் முதலில் பட்டது. தெரிந்தால் மனசு உடைந்துபோவாரே என்று, அவர் அசந்து தூங்கும் பகல்களில் இடுப்பைப் பிடித்துத் தைத்துவைத்தாள். அப்புறம் இன்னொரு தடவையும். அவரிடம் மூச்சு விடவில்லை.

கொஞ்ச நாளாக அவரால் மல்லாந்து படுக்க முடியவில்லை. மூச்சு முட்டியது, நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். இன்று மூச்சு முட்டியும் எடை கூடாததைப் பார்த்த நர்ஸ் குழம்பிப்போய், உடம்பு இளைத்திருக்கிறதா என்று கேட்டாள். சதை கரைந்தும் எடை மாறவில்லை என்றால் அந்த இடத்தை நீர் பிடித்திருக்கிறது, அது நுரையீரலில் ஏறினால் ஆளையே சாய்த்துவிடும் என்றாள்.

"நானா இளைக்கிறது? இந்தப் பேண்ட்டைப் பாருங்கம்மா. லாரி ஓட்டின காலத்துல வாங்கினது, இன்னும் பெல்ட்கூட வேண்டியதில்ல."

நர்ஸ் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். கூட வந்திருந்த மனைவி அந்த இடுப்புத் தையலைப் பார்த்தாள். சொன்னால் அவர் முகம் தொங்கிவிடும். சொல்லாவிட்டால் அந்த முகமே இருக்காது.

"சிஸ்டர், நில்லுங்க. பேண்ட்டை நான்தான் பிடிச்சுப் பிடிச்சுத் தச்சேன். இவரு பாதியா இளைச்சிட்டாரு."

டாக்டர் வந்து அவர் காலை விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. எடை இலக்கைக் குறைத்தார். கூடுதல் சிகிச்சை வைத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம், சாப்பாட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்று சொல்லிப் போனார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கத் துணியாமல் நின்றாள்.

"எனக்குத் தெரியும். புதுத் தையல் இடுப்புல உறுத்தாதா? எனக்குத் தெரியலைன்னு நீ நிம்மதியா இருந்த. அதைக் கெடுக்க மனசு வரல."

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஜாடிக்கேற்ற மூடிதான். ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்தே உயிருக்கு உலை வைக்கப் பார்த்தார்கள்.

சில வாரம் கழித்து அவர் தையல் பிரித்த பேண்ட்டைக் கையில் கொத்தாகப் பிடித்துக்கொண்டு எடை மேடையில் ஏறினார். எடை நன்றாக இறங்கியிருந்தது; அவர் அதற்காக வெட்கப்படவில்லை. பிறகு கட்டிலில் மல்லாந்து படுத்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி குறட்டை விட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குறட்டையைத் திட்டிக்கொண்டிருந்தவள், அன்று பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள்.