பத்தரை மணி வரைக்கும்

அப்பாவின் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ரத்னா துணிநாடாவால் முடிந்துகொண்டிருந்தபோது, எதிரில் ஓட்டல் திறக்கப்போகிற சுப்பராயன் மறுபடி உள்ளே வந்தார். அரை மணிக்கு முன் அப்பாவைத் திறப்புவிழாவுக்கு அழைத்துப்போக வந்து, மூச்சு நின்றிருந்ததைப் பார்த்துவிட்டு ஓடியவர்தான். இப்போது பிணத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.

"யாருக்கும் சொல்லலியே?"

"இன்னும் இல்லீங்க," என்றாள் அம்மா கனகாம்பாள்.

"நல்லதாப் போச்சு. பத்தரைக்கு முகூர்த்தம். அதுவரைக்கும் அழுவாம இருந்துக்கங்கக்கா. அவருக்குக் காய்ச்சல், என் மச்சான் கையால தொறக்கறோம்னு சொல்லிக்கினு இருக்கேன். முடிஞ்சதும் அந்தப் பந்தலையே இங்க கொணாந்து போட்டுடறேன்."

அப்பா செங்கல்வராயனுக்குக் கைராசிக்காரர் என்று திருவள்ளூர் முழுக்கப் பேர். அறுபத்திரண்டாம் வருஷம் ஒரு துணிக்கடையைத் திறக்க வரவேண்டிய பெரிய மனிதரின் கார் பஞ்சராகிவிட்டது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். அடுத்த மாதமே கடைக்கு எதிரில் பஸ் நிறுத்தம் வந்தது, வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. பஸ் நிறுத்தத்துக்கு யாரும் மாலை போடவில்லை, இவருக்குப் போட்டார்கள். பிறகு இவர் திறந்து, மூடிப்போன ஐந்து கடைகளைப் பற்றி ஊர் வாயே திறக்கவில்லை. புத்தியுள்ள ஊர்!

அன்றிலிருந்து மனிதர் வேலைக்குப் போகவில்லை. வலது கையால் ஒரு குடம் தண்ணீர் தூக்கியதில்லை, ராசி இறங்கிவிடுமாம். காக்களூர் பட்டறையில் ரத்னா போல்ட்டு துடைத்துத்தான் வீட்டில் உலை கொதித்தது. அந்தக் கையைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். அவருக்காக அழ அவளிடம் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

அம்மாவுக்கு இருந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்க, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே நாதஸ்வரம் தொடங்கியது. மணி பத்து இருபது.

"அழும்மா," என்றாள் ரத்னா.

அம்மா தலையாட்டி மறுத்தாள். "பெரிய மனுசன் கேட்டுக்கினாரு. இன்னும் பத்து நிமிசந்தானேடி."

புருஷன் செத்ததற்கு அழ எவனிடமோ நேரம் கேட்டு உட்கார்ந்திருக்கிறாள்! ரத்னாவுக்கு உடம்பு பற்றி எரிந்தது. எழுந்து கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்தாள். வாசலில் நின்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"நைனா! எங்கள உட்டுட்டுப் போயிட்டியே, நைனா!"

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் பீறிட்டு வந்தது. நாதஸ்வரம் பாதியில் நின்றது. சுப்பராயனின் மச்சான் ரிப்பனுக்கு முன்னால் கத்தரிக்கோலோடு நின்றார். விருந்தாளிகள் ஒருவர் பின் ஒருவராகத் தெருவைக் கடந்து வந்தார்கள், கையிலிருந்த கற்கண்டை எங்கே போடுவதென்று தெரியாமல்.