ஏரிக்கரைத் தெருக் கிணறு எப்போது கெட்டது?

வரலாறு மூன்றாமாண்டில் பாதிப் பேர் ஆய்வுக் கட்டுரைக்கு வேலூர்க் கோட்டையை எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் ஆற்காட்டு நவாபை விடவில்லை. செல்போனில் தட்டினால் கொட்டுகிற விஷயத்தை யார்தான் விடுவார்கள்? மேகலா மட்டும் ‘தோல் தொழிற்சாலைகளும் தண்ணீரும்’ என்று எழுதிக்கொண்டு போய் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

“இது தலைப்பு இல்லம்மா, சமுத்திரம்,” என்றார் பேராசிரியர் ஆபித் பாஷா. “ஒரு தெருவ எடு. ஒரே ஒரு கேள்வி கேளு. பதில ரெண்டு பேராவது தனித்தனியா சொல்லணும். திங்கக்கிழமை திட்டத்தோட வா. இல்லன்னா நீயும் கோட்டைதான்.”

ஆம்பூர்ப் பக்கத்தில் அவள் வீடு இருக்கும் ஏரிக்கரைத் தெருவையே எடுத்தாள். கேள்வி: தெருக் கிணறு எந்த வருஷம் உப்பானது? கேட்டவர்கள் எல்லாரும் “எப்பவோ கெட்டுப்போச்சு” என்று கையை விரித்தார்கள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் கேள்வியை மாற்றினாள்: உங்க வீட்டில் பருப்பு எப்போதிலிருந்து வேகவில்லை?

அங்கேதான் வம்பு வந்தது. அந்தத் தெருவில் புது மருமகள் முதன்முதலில் அடுப்பில் வைப்பது பருப்பு. குழைந்தால் கைராசிக்காரி. குழையாவிட்டால் வீட்டு மானம் போச்சு, வெளியே மூச்சு விடமாட்டார்கள். மேகலா கெஞ்சிக் கூத்தாடிய பிறகு இரண்டு வீட்டு மாமியார்கள் குரலைத் தாழ்த்தித் தங்கள் மருமகளின் ராசியைக் குறை சொன்னார்கள். இரண்டு கல்யாணமும் ஒரே வருஷம், ஒரே ஆவணி. அடுத்த வீட்டிலும் அதே கதை என்று இருவருக்குமே தெரியாது.

அந்த ஆவணியில் அந்தத் தெருவுக்கு இன்னொரு மருமகளும் வந்திருந்தாள். மேகலாவின் அம்மா சம்பூர்ணம்.

அவள் வைத்த பருப்பு குழையாத விஷயம் மட்டும் எப்படியோ வெளியே கசிந்து, ராசியில்லாத கை என்று முதல் வாரமே பெயர் வைத்தாயிற்று. விசேஷ வீடுகளில் சம்பூர்ணம் காய் நறுக்கலாம், பாத்திரம் கழுவலாம். உலை வைக்க மட்டும் விடமாட்டார்கள். மேகலாவின் மஞ்சள் நீராட்டுக்கே விடவில்லை. பெற்றவளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு என்ன சடங்கு வேண்டிக்கிடக்கிறது? அந்த ஆத்திரம் மேகலாவுக்கு இன்னும் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் திட்டத்தை வாசித்துக் காட்டினாள். அப்பா ஜீவா, ஒரு தோல் கம்பெனியில் ஃபோர்மேன். கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது.

“மொதலாளி காதுக்குப் போச்சுன்னா என் வேலை என்னாகும்?”

“கம்பெனி பேரே வராதுப்பா. யாரு கெடுத்தாங்கன்னு கேக்கல. எப்போன்னுதான் கேக்கறேன்.”

“அதத்தான் கேக்காதங்கறேன். எல்லாரையும் மாதிரி கோட்டையப் பத்தி எழுதேன். கிணறு கெட்டதெல்லாம் நீ பொறந்தப்புறம்.”

“மூணு வீட்லயும் ஒரே ஆவணிப்பா. மூணு மருமகளுக்கும் ஒரே மாசத்துலயா ராசி போச்சு?”

“உளறாத! ஆடியில வெட்ன கால்வா, ஆவணிக்குள்ள கிணத்துக்கு வந்துடுமா?”

மேகலா கையிலிருந்த தாளைத் திரும்பப் பார்த்தாள். கால்வாய் என்று அவள் எங்குமே எழுதியிருக்கவில்லை.

குழம்புக் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றிருந்த சம்பூர்ணம் கேட்டாள். “இன்னா கால்வா?”

ஜீவா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “கம்பெனி கழிவுத் தண்ணிய ஏரிக்குத் திருப்பச் சொன்னாங்க. நாங்க நாலு பேரு வெட்னோம். அப்போ புது வேலை. மாட்டேன்னு சொல்ல முடியல.”

“அன்னிக்குப் பருப்பு ஏன் வேகலன்னு உனக்குத் தெரியுமா?”

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “வாயில வெச்சப்பவே தெரியும்.”

அம்மாவுக்கு அழுகை வரும் என்று மேகலா பயந்தாள். வந்தது அழுகை இல்லை.

“எழுதுடி. மொத சாட்சி நானு, சம்பூர்ணம். என் பேரப் போடு. ரெண்டாவது சாட்சி உங்கப்பா.”

“வேலை போய்டும் சம்பூர்ணம்.”

“எம்பேரு போனப்போ உனக்குச் சோறு எறங்குச்சில்ல?”

ஜீவாவால் அதற்குமேல் சாப்பிட முடியவில்லை. தட்டிலேயே கையைக் கழுவினார். எழுந்து போய்விடுவார் என்றுதான் மேகலா நினைத்தாள். அவர் எழவில்லை.

“ஆடிப்பெருக்குக்கு மறுநா வெட்டத் தொடங்கனோம்,” என்றார். “எழுதிக்கோ.”

மேகலா எழுதினாள். சம்பூர்ணம் கரண்டியைக் கீழே வைக்காமல், அவள் எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.