வழி மாறி வந்த ரிப்போர்ட்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிக் கட்டடத்தில் தாஜுன்னிசா டிராவல்ஸ் நடத்தினாள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பாள். எதிர் அறையில் ரத்தப் பரிசோதனை நிலையம். கீழே ஆடிட்டர் ஆபீஸ். மூன்றுக்கும் கட்டடக்காரர் தட்சிணாமூர்த்தி போட்டுக் கொடுத்த ஒரே இன்டர்நெட் இணைப்புதான்.

2012 ஆடியில் ஒரு மத்தியானம், அவள் பிரிண்டரில் கேட்காத தாள் ஒன்று வந்து விழுந்தது. எதிர் அறையின் ரிப்போர்ட். மேலே தட்சிணாமூர்த்தியின் பெயர். தடித்த எழுத்தில் இருந்த அளவுகள் என்ன சொல்கின்றன என்று அவளுக்குத் தெரியும். கணவர் சிக்கந்தர் பாட்சாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, அவர் மௌத்தாகும் வரை இப்படித் தாள்களோடுதான் அலைந்திருந்தாள்.

அதைக் கவரில் போட்டு எதிர் அறைக் காந்திமதியிடம் கொடுத்தாள்.

"லிஸ்ட்டுல உங்க பிரிண்டரும் காட்டுதுக்கா. மாத்தி அமுக்கிட்டேன்." காந்திமதி கவரை அவசரமாக வாங்கி வைத்தாள்.

"நான் பார்த்தேன்னு அவருகிட்ட சொல்லாத. அவரா யாருகிட்ட சொல்றாரோ சொல்லட்டும்."

சாயங்காலம் வழக்கம்போல் உப்பு மல்லாட்டைப் பொட்டலத்தோடு தட்சிணாமூர்த்தி வந்து உட்கார்ந்து கடலையைக் கொறித்தார். ரிப்போர்ட்டை வாங்கியிருந்தார். ஆனால் மழை வருமா என்றுதான் பேசினார். உப்பு ஆகாத உடம்பு; பொட்டலத்தைப் பிடுங்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அதற்குப் பதிலாக, "அண்ணே, நெட்டை மூணு ஆபீஸுக்கும் தனித்தனியா பிரிச்சிடலாம்" என்றாள்.

"எதுக்கும்மா? இத்தினி வருசமா ஒண்ணாதான ஓடுது."

"எங்கிட்ட ஊரு ஜனங்க பாஸ்போர்ட்டு கெடக்கு. அங்க நோயாளிங்க ரிப்போர்ட்டு. ஒருத்தரோடது இன்னொருத்தர் கண்ணுல படக்கூடாதுண்ணே."

நோயாளிங்க என்று சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே பட்டது. அவர் கை பொட்டலத்திலேயே நின்றது. "செஞ்சிடலாம்" என்றார் மெதுவாக.

அந்த வாரமே விழுப்புரத்திலிருந்து துர்கா வந்தாள். நெட்வொர்க் வேலை செய்கிற பெண். மாடிப்படி ஓரப் பெட்டியில் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் புது ஸ்விட்ச் மாட்டி, ஒவ்வொரு ஆபீஸுக்கும் தனி வழியும் தனி பாஸ்வேர்டும் போட்டாள்.

"நெட்டு ஒரே லைன்லதாங்க வருது. ஆனா இனிமே அவங்க மெஷினு உங்களுக்குத் தெரியாது, உங்களுது அவங்களுக்குத் தெரியாது."

காந்திமதி தன் கணினியில் பிரிண்டரைத் தேடினாள். அவளுடையது மட்டும் காட்டியது. அப்போதுதான் அவள் முகம் தெளிந்தது.

துர்கா கிளம்பியபின் தட்சிணாமூர்த்தி வந்தார். கையில் ஒன்றுமில்லை.

"தாஜு, எனக்குக் கிட்னி கெட்டுக்கினு வருதாம். யாருக்கும் தெரியாது. உங்கிட்டதான் மொதல்ல சொல்றேன்."

அவள் தெரியாதவள்போல் நடிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் வாயால் கேட்டபோது எல்லாம் புதிதாகத்தான் வலித்தது. முழுதும் கேட்டாள்.

"பாட்சாவுக்கு நாங்க லேட்டா போனோம். நீங்க நாளைக்கே பாண்டி ஆஸ்பத்திரிக்கு வாங்கண்ணே, நானும் வர்றேன்."

"பெங்களூர்ல தமிழ்ச்செல்வி மாசமா இருக்கா. பெத்த பொண்ணுகிட்ட இதை எப்பிடிச் சொல்றது?"

"போன் போடுங்க. நான் இங்கியே ஒக்காந்துக்கினு இருக்கேன்."

எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவர் மகளிடம் சாப்பாடு, தூக்கம், டாக்டர் என்று சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார். பிறகு வெகுநேரம் "சரிம்மா, சரிம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மருந்திலும் பத்தியத்திலும் நோய் அதற்குமேல் ஏறாமல் நின்றது. தை மாதம் பேத்தி பிறந்தாள். தட்சிணாமூர்த்தி தனியாகவே பஸ் ஏறிப் பெங்களூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.