கரன்ட் திரும்பி வந்தபோது

டிரான்ஸ்பார்மரைத் தூக்கி மேசைமேல் வைத்தபோது லாயிட்டின் இடுப்பு சுளுக்கிக்கொண்டது. ஜோகுபாளையத்துச் சந்துக்குள் பால் வண்டிகூட இன்னும் வரவில்லை. பட்டறையின் தகரக் கூரை பனியில் நனைந்திருந்தது. சூடேறிய சால்டரிங் அயர்னை ஈயத்தில் வைத்ததும் புகை கண்ணில் ஏறி எரித்தது.

இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷினின் டி.சி. மோட்டாருக்குக் கரன்ட் கொடுத்த பெட்டி கருகிப்போய், மெஷின் பல நாளாகப் படுத்துக் கிடந்தது. முதலாளி சேஷகிரி புதியது வாங்க மறுத்துவிட்டார். "நீயே கட்டிக் கொடுப்பா" என்றார். எலக்ட்ரீஷியன் லாயிட் கட்டினான்: டிரான்ஸ்பார்மர், ரெக்டிஃபயர், சோடா பாட்டில் பருமனில் கெப்பாசிட்டர், எல்லாவற்றையும் அடைக்க ஒரு தகரப் பெட்டி.

"சார், இதுக்கு ஒரு கான்டாக்டர் சுவிட்ச் வேணும். இல்லன்னா கரன்ட் போய்ட்டு வந்ததும் மெஷின் தானா ஓட ஆரம்பிச்சிடும். அது இருந்தா, பட்டன அழுத்தினாதான் ஓடும்."

"ஸ்வல்ப பொறுப்பா, கொஞ்ச நாள்தான். ஆர்டர் நிக்குது. இப்ப ஓட்டு, அப்புறம் போட்டுக்கலாம்."

லாயிட் சாதா சுவிட்சைப் போட்டான். மோட்டார் முனகி, மெல்லச் சீரான ஓட்டத்துக்கு வந்தது. "நம்ம லாயிட் இஞ்சினியர்ப்பா!" என்று எல்லார் முன்னாலும் சேஷகிரி அவன் தோளில் தட்டினார். மெஷினில் நிற்கப்போகிற சங்கமித்ராவிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று அப்போதே அவனுக்குத் தோன்றியது. கிடைத்த பாராட்டைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. பேசாமல் இருந்துவிட்டான்.

அந்த வாரமே ஒரு மழை மதியத்தில் கரன்ட் போனது. நின்ற மெஷினில் சிக்கியிருந்த இரும்புச் சுருள்களைச் சங்கமித்ரா கையால் வழித்துக்கொண்டிருந்தாள். கரன்ட் வந்தது. அவள் அலறலும் மோட்டாரின் முனகலும் ஒன்றாகக் கேட்டன. லாயிட் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் அவள் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. லேத் ஓட்டும் சின்னப்பாதான் அவளை ஆட்டோவில் அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

மறுநாள் சேஷகிரி லாயிட்டை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் புத்தம்புது கான்டாக்டர்.

"இத இப்பவே போட்டுடு. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தா மொதல்லருந்தே இருக்குன்னு சொல்லு. ஓடற மெஷின்ல அவளே கைய விட்டுட்டான்னு சொல்லு, அவ்ளோதான்."

"அப்ப அவளுக்கு நஷ்ட ஈடு ஒண்ணுமே கெடைக்காதே சார்."

"கட்டினவன் நீ. கேஸ் ஆனா மொதல்ல மாட்டறது யாரு? பொண்டாட்டி, புள்ள இருக்கில்ல உனக்கு?"

கட்டினவன் அவன்தான், அது பொய்யில்லையே. கான்டாக்டரை எடுத்துக்கொண்டு மெஷினுக்கு வந்தான். பெட்டியின் மூடியில் ரத்தம் தெறித்துக் காய்ந்திருந்தது. திருப்புளியைக் கீழே வைத்தான்.

"அண்ணே, மெஷின எல்லாம் நிறுத்துங்க" என்றான் சின்னப்பாவிடம். சத்தம் ஓய்ந்ததும், கூடி வந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

சின்னப்பா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "தெரிஞ்சும் அந்தப் பொண்ணுகிட்ட ஏண்டா சொல்லல?"

"பேரு வாங்கிட்டேன்ணே. அத விட மனசு வரல."

பிடி தளர்ந்தது. சின்னப்பா தன் லேத்தைத் திரும்பிப் பார்த்தார். "என் மெஷின்லயும் பாதுகாப்பு மூடியக் கழட்டிட்டு ஓட்டச் சொன்னாரு முதலாளி. நானும்தான் வாயத் தொறக்கல."

சேஷகிரி வெளியே வந்தார். "ஏன் நின்னுட்டீங்க? ஓட்டுங்கப்பா!"

"ஓட்ட மாட்டோம் சார்," என்றார் சின்னப்பா. "இன்ஸ்பெக்டர் இத இருக்கற மாதிரியே பாக்கட்டும். எல்லா மெஷினும் சரியாவணும். அந்தப் பொண்ணுக்கு வேலையும் நஷ்ட ஈடும் வேணும்."

"கேட்டப் பூட்டிடுவேன்!"

"பூட்டுங்க. வெளிய உக்காருவோம்."

அன்று மாலை லாயிட் ஆஸ்பத்திரிக்குப் போனான். அவன் சொன்னதையெல்லாம் சங்கமித்ரா கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "இதையே இன்ஸ்பெக்டர்கிட்டயும் சொல்லுவியாண்ணா?" என்றாள்.

"சொல்றேம்மா. எனக்கு என்ன ஆனாலும் சரி."

"போ. இப்ப உன் மொகத்தப் பாக்க முடியல."

கேட் பூட்டித்தான் கிடந்தது. இன்ஸ்பெக்டர் வருவதாகச் சொன்ன காலையில் எல்லாரும் விடியுமுன்பே வந்து வெளியே உட்கார்ந்திருந்தார்கள். லாயிட் ஓர் ஓரமாக நின்றான். ஆட்டோ ஒன்று வந்து நின்றது. கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி சங்கமித்ரா இறங்கினாள். கேட்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். லாயிட்டை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.