பொரியாத கடுகு

தெருவில் அவருக்குக் கடுகு என்று பெயர். ஆள் குள்ளம் என்பது ஒரு காரணம். சூடு பட்ட மறுநொடி வெடிப்பார் என்பது இன்னொரு காரணம். குழாய் ரிப்பேருக்கு அவரைக் கூப்பிடுகிறவர்கள் முதலில் திட்டு வாங்குவார்கள், பிறகுதான் தண்ணீர் வரும். "எந்த மடையன் போட்ட பைப்பு இது?" என்று ஆரம்பிப்பார். பல சமயம் அந்த மடையன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பான். ஆனாலும் யார் வீட்டில் எது ஒழுகினாலும் அவருக்குத்தான் போன் போகும். அவர் கை வைத்த இடம் மறுபடி ஒழுகாது.

அவர் மனைவிக்கு ஒரு பேக்கரியில் பொட்டலம் கட்டும் வேலை. கணவர் விடும் திட்டில் பாதி அவள் பங்கு. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் சண்டை இல்லாத நாள் கிடையாது. ரேடியோ சத்தம், செருப்பைக் கழற்றிப் போட்ட இடம், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, எல்லாவற்றுக்கும் சண்டை. அவளும் லேசுப்பட்டவள் இல்லை, அவர் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்வாள். பிறகு சாப்பிட உட்கார்ந்ததும் ஒன்றுமே நடக்காதது போல ஒருவர் தட்டிலிருந்து இன்னொருவர் எடுத்துச் சாப்பிடுவார்கள். சத்தமே இல்லாமல் குடித்தனம் பண்ணுகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பாவமாக இருக்கும். எப்படித்தான் பொழுது போகிறதோ.

அப்படிப்பட்ட மனுஷனை, வேலைக்குப் போகிற வழியில் ஒரு திருப்பத்தில் லாரி தட்டிவிட்டது. ஸ்கூட்டர் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். தலையில் அடி. விலா எலும்பு முறிவு. வலது தோளில் நரம்பு நசுங்கிப்போய், கை துவண்டு கிடந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து அவள் ஒன்றே ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டாள். கண்ணைத் திறந்து என்னை ஒரு தடவை திட்டட்டும், அது போதும்.

கண்ணைத் திறந்தார். திட்டவில்லை. அவள் ஈரப் பஞ்சால் அவர் உதட்டைத் துடைத்துவிட்டபோது, "நன்றிம்மா" என்றார்.

கட்டின பெண்டாட்டிக்கு எவனாவது நன்றி சொல்வானா? அதுவும் இந்த மனுஷர்?

மயக்கம் தெளியாததால் ஏதோ உளறுகிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பொது வார்டுக்கு மாற்றி, ஜன்னலோரக் கட்டில் கிடைத்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கிற அளவுக்குத் தேறிய பிறகும் அது தீரவில்லை. டீ ஆறிப்போயிருந்தால், "பரவாயில்லை." ஊசிக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தினால், "மெதுவா பாருங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல." அவள் சட்டை மாட்டிவிட்டால், "உனக்குத்தான் சிரமம்." வார்டே அவரைக் கொண்டாடியது.

"உங்க வீட்டுக்காரர் மாதிரி சாதுவான பேஷண்டை நான் பார்த்ததே இல்லம்மா" என்றாள் நர்ஸ். "கொடுத்து வச்சவங்க நீங்க."

அவருடைய தம்பியும் விடவில்லை. "அண்ணி, எங்கண்ணன் இப்பதான் மனுஷனாகியிருக்கார். எதையாவது சொல்லிக் கிளப்பிவிட்டுக் கெடுத்துடாதீங்க."

அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இதை வெளியே சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? புருஷன் நல்லவனாகிவிட்டான் என்று அழுகிற பெண்ணை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

டாக்டரிடம் மட்டும் கேட்டாள். அவர் ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். "ஆனா தலையில அடிபட்டா சில பேருக்குக் குணம் மாறும்மா. போகப் போகத்தான் தெரியும். இது நல்ல மாற்றம்தானே?" என்று கேட்டுப் புன்னகையும் செய்தார். அவளுக்கு அந்தப் புன்னகையைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் வேறு மாதிரி கவலைப்பட்டாள். தினமும் அவர் வலது உள்ளங்கையில் பஞ்சு போன்ற ஒரு பந்தை வைத்து, "அழுத்துங்கப்பா" என்பாள். "ஆகட்டும்மா" என்று சிரிப்பார். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் பந்தை எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். ஒரு நாள் அந்தப் பெண் மனைவியை நடைபாதைக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

"நரம்பு அறுந்து போகலம்மா. விரல்ல கொஞ்சம் அசைவு வந்திருக்கு, அது போதும். ஆனா அவரா முயற்சி பண்ணணும். எல்லாத்துக்கும் சரிங்கறார், ஒண்ணையும் செய்ய மாட்டேங்கறார். இப்படியே விட்டா விரல் இறுகிடும். அப்புறம் நாம என்ன பண்ணினாலும் வராது. அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க."

அன்று சாயங்காலமே அடுத்த இடி விழுந்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அவருடைய கருவிப் பையைத் தம்பி வாங்கிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தான். அந்தப் பையை வீட்டில் யாரும் தொட முடியாது. ஒரு தடவை அதற்கு மேல் துணிக்கூடையை வைத்துவிட்டாள் என்று மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் அதே சண்டை நடந்தது. இப்போது அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "அந்தப் பையைத் தம்பியையே எடுத்துக்கச் சொல்லிடும்மா. அவனுக்காவது உபயோகப்படும்" என்றார்.

குரலில் வருத்தம்கூட இல்லை. பழைய செய்தித்தாளைக் கடையில் போடச் சொல்வது போலச் சொன்னார். அவளுக்குப் பகீரென்றது. கை போனால் போகட்டும், ஊட்டிவிடலாம், உடுத்திவிடலாம். ஆனால் ஆளே போய்விட்டாரே. வீட்டுக்கு வரப்போகிற இந்தப் பரவாயில்லைக்காரர் யார்? இவரோடு அந்த வீட்டில் எப்படி இருப்பது?

மறுநாளிலிருந்து அவரைச் சீண்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். செருப்பைத் தலைகீழாகப் போட்டு வைத்தாள். நேற்றைய பன்னைக் கொண்டுவந்து இன்று சுட்டது என்றாள். "உங்க ரேடியோவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டேன்" என்று வாய் கூசாமல் பொய்யும் சொன்னாள். "கேட்கட்டும், பாவம்" என்றார் அவர். அவள் அன்று பன்னைத் தானே தின்று தீர்த்தாள். கல்லாக இருந்தது.

வார்டின் மூலையில், அவர் கட்டிலிலிருந்து நாலு எட்டில், கை கழுவும் தொட்டி ஒன்று உண்டு. அடுத்த நாள் மதியம் பார்வையாளர்கள் போய்விட்டார்கள், நோயாளிகள் கண்ணயர்ந்திருந்தார்கள், நர்ஸும் சாப்பிடப் போயிருந்தாள். மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்த பையில் கையை விட்டு ஸ்பேனரை எடுத்தாள். குழாய்க்காரரோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இது ஒன்றும் பெரிய வித்தையில்லை. தொட்டிக்கு அடியில் இருந்த வால்வைச் சத்தம் காட்டாமல் மூடினாள். குழாயின் தலையைக் கழற்றி, உள்ளே இருந்த கறுப்பு ரப்பர் வாஷரை நகத்தால் நெம்பி எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். எல்லாவற்றையும் மறுபடி மாட்டி வால்வைத் திறந்தாள். குழாய் ஒழுக ஆரம்பித்தது. நல்ல பிள்ளையாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் கண்ணைத் திறந்தார். காது கொடுத்துக் கேட்டார். இடது கை விரல் ஒன்று கட்டில் சட்டத்தைத் தட்டத் தொடங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

சாப்பிட்டு வந்த நர்ஸ் குழாயை இறுக்கினாள். ஒழுகியது. இன்னும் இறுக்கினாள். அது பாட்டுக்கு ஒழுகியது. "சொல்லி விடறேன். ஆனா ஆள் நாளைக்குத்தான் வருவாங்க. உங்களுக்குத் தொந்தரவா இருக்காப்பா?"

"பரவாயில்லைம்மா" என்றார் கடுகு.

ஒழுகுகிற குழாயைப் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்! அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நர்ஸ் அடுத்த வார்டுக்குப் போகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு வரைக்கும் யார் இதைக் கேட்டுக்கிட்டு இருக்கறது? நானே பார்க்கறேன்" என்று வார்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"விடும்மா, உனக்கெதுக்குச் சிரமம்."

அவள் விடவில்லை. ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்துக் குழாயில் டங்கென்று ஒரு அடி அடித்தாள். பின்னாலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. இன்னொரு அடி. பிறகு, தெரிந்தே, அடியில் இருந்த வால்வைத் தொடாமல், குழாயின் தலையைத் திருகினாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று.

"அடியே! கீழ வால்வை மூடுடி முதல்ல!"

அதற்குள் தண்ணீர் பீய்ச்சியடித்துவிட்டது. முகம், தலை, சேலை எல்லாம் தொப்பலாகி அவள் அப்படியே நின்றாள். காதில் அந்தக் குரல்தான் விழுந்துகொண்டிருந்தது.

"எருமை! எத்தனை வருஷம் சொல்லியிருக்கேன், தண்ணியை நிறுத்தாம குழாயில கை வைக்காதேன்னு! கண்ணு எங்கடி இருக்கு? மரம் மாதிரி நிக்கறா பாரு! மூடு! அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்! ஸ்பேனரை ஆப்பை மாதிரி பிடிச்சிருக்கா, கர்மம்!"

பக்கத்துக் கட்டில்காரர் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். கடுகு அதற்குள் கட்டிலை விட்டு இறங்கி, சட்டங்களைப் பிடித்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி வந்துவிட்டார். அவள் குனிந்து வால்வை மூடினாள். தண்ணீர் நின்றது. "கொடு இங்கே" என்று அவள் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கினார். பழக்கத்தில் வலது கையை நீட்டித்தான் வாங்கினார்.

விரல்கள் மூடவில்லை. ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்து பெரிதாகச் சத்தம் போட்டது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் முகத்திலிருந்து வடிந்துவிட்டது. அவளுக்குத் தான் செய்தது பெரிய பாவம் என்று தோன்றியது. தாங்கிப் பிடிக்கப் போனாள்.

"பார்த்தியா?" என்றார் மெதுவாக. "இதுக்குத்தான் நான் வாயைத் திறக்கல. நீ என்னைத் துடைச்சுவிடற, பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போற, ஊட்டிவிடற. இவ்வளவும் வாங்கிக்கிட்டு உன்கிட்ட எந்த மூஞ்சியோட சண்டை போடறது? கையாலாகாதவனுக்கு வாய் ஒரு கேடா?"

அப்படியென்றால் குணம் மாறவில்லை. தலையில் ஒன்றும் ஆகவில்லை. இந்த மனுஷர் இத்தனை நாளும் தன் சொந்தப் பெண்டாட்டியிடம் விருந்தாளி போல ஒதுங்கி ஒடுங்கிப் படுத்திருக்கிறார். அவளுக்கு நிம்மதி வந்தது. உடனே கோபமும் வந்தது.

"நான் என்ன உங்க கையையா கட்டிக்கிட்டேன்? இந்த வாயைத்தாங்க கட்டிக்கிட்டேன். சண்டை போட ஆளில்லாம அந்த வீட்டுக்குள்ள நுழையவே எனக்குப் பயமா இருக்கு. நன்றியாம் நன்றி! இன்னொரு தடவை நன்றின்னு சொன்னீங்க, அப்படியே விட்டுட்டுப் போயிடுவேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவோ என்னவோ, தொட்டியைப் பிடித்துக்கொண்டு குழாயின் வாயைக் குனிந்து பார்த்தார். அவள் கையில் இருந்த குழாய்த் தலையைத் திருப்பிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"வாஷர் எங்கடி?"

"எனக்கென்ன தெரியும்?"

"வாஷர் தேயும், கிழியும். காலாற நடந்து போகாது." அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏய். நீதானே?"

அவள் கைப்பையைத் திறந்தாள். வாஷரை எடுத்து, அவர் நீட்டிய இடது கையை விட்டுவிட்டு, வலது உள்ளங்கையில் வைத்தாள்.

"திருடி" என்றார். "ஆஸ்பத்திரிக் குழாயையே கெடுத்திருக்கியே, உன்னை என்ன பண்றது?" அவர் உடம்பு குலுங்கியது. விலா எலும்பு வலிக்க வலிக்கச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் வாஷர் உள்ளங்கையிலிருந்து சரிந்தது. அது போய் வடிகால் ஓட்டையில் விழுந்தால் அவ்வளவுதான். எந்தக் குழாய்க்காரனும் அதை விடமாட்டான். கட்டைவிரல் உள்ளே வந்தது. ஆட்காட்டி விரலோடு சேர்ந்து ரப்பரின் ஓரத்தைப் பிடித்தது. நடுங்கியது, ஆனால் விடவில்லை.

இருவரும் அந்த இரண்டு விரல்களைப் பார்த்தார்கள்.

"குழாய்த் தலையைக் காட்டு" என்றார். அவள் காட்டினாள். வாஷர் இடம் தவறி, சறுக்கி, தொட்டிக்குள் விழுந்தது. மறுபடி எடுத்தார். எடுக்கவே வெகு நேரமாயிற்று. அவள் உதவ வந்தபோது, "கையை எடுடி, எனக்குத் தெரியும்" என்று சீறினார். அவள் சந்தோஷமாகக் கையை எடுத்துக்கொண்டாள். கடைசியில் அது உட்கார்ந்தது. ஸ்பேனரால் முடுக்கியவள் அவள்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு திட்டு விழுந்தது.

"தரையைத் துடை, யாராவது வழுக்கி விழப்போறாங்க. இப்ப எதுக்கு அழுவுற?"

"தண்ணி தெறிச்சிருக்குங்க."

"இவ்வளவு நேரமாவா தெறிக்குது?" என்றார். ஆனால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பும்போது வழக்கத்தைவிட அழுத்திப் பிடித்தார். உட்கார்ந்ததும் காலால் பையைத் தட்டிப் பார்த்தார். "இதைத் தம்பிகிட்டக் கொடுத்திருந்தியோ, உன்னைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்."

மறுநாள் காலையில் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தபோது வார்டு வாசலிலேயே சத்தம் கேட்டது. டீ சுடவில்லை என்று ஒருவர் பாத்திரத்துக்கும் பாலுக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். பஞ்சுப் பந்து தரையில் கிடந்தது. அவர் வலது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவில், கருவிப் பையிலிருந்து எடுத்த ஒரு பழைய வாஷர் உருண்டுகொண்டிருந்தது. அதைக் கீழே வைக்காமலே, "என்ன பந்தும்மா அது, குழந்தைக்குக் கொடுக்கற மாதிரி? உருப்படியா ஏதாவது கொண்டா" என்று அவளுக்கும் ஒன்று விட்டார்.

அந்தப் பெண் மிரண்டுபோய் மனைவியைப் பார்த்தாள். "என்னம்மா ஆச்சு அப்பாவுக்கு? நேத்து வரைக்கும் நல்லா இருந்தாரே?"

"இப்பதாம்மா நல்லா இருக்கார்" என்றாள் அவள்.