பதின்மூன்றாம் நம்பர் கம்பி

கல்லறைத் தோட்டத்தில் கிடார்க் கம்பியை அறுக்கக் கூடாது என்று தேஸா சொல்லிவிட்டாள். அவள் புருஷன் கிர்கோவைக் கூடத்தில் கிடத்தியிருந்த நேரம். கிடாரை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்த ஸ்திபானைத் தனியே சமையல்கட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"உங்க வித்தையெல்லாம் கல்யாண வீட்டோட வச்சுக்கங்கண்ணே. அங்க வேண்டாம். அவருக்குப் பிடிச்ச பாட்டை முழுசா வாசிச்சு அனுப்பி வைங்க."

"நான் எதுக்கு அங்க அறுக்கப்போறேன்?"

"உங்களை எனக்குத் தெரியாதா? சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். அறுபத்தெட்டு வயதில் சமையல்கட்டில் நின்று சத்தியம் பண்ணவேண்டியிருக்கிறதே என்று எரிச்சல்தான் வந்தது.

அந்த வித்தை வாத்தியக்காரர்களுக்கு மட்டும் தெரிந்தது. கிர்கோ எதையும் பெண்டாட்டியிடம் மறைக்கிற ஆள் இல்லை என்பதால் தேஸாவுக்கும் தெரியும். ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு லீவுக்கு வருகிறவன் எவனாவது, நாலு கிளாஸ் பிராந்தி உள்ளே போனதும் செத்துப்போன அம்மாவை நினைத்துக்கொண்டு ஒரு பாட்டு கேட்பான். ஸ்திபான் சுருதி சேர்ப்பதுபோல் திரும்பி நின்று குனிவார். சட்டைப் பையில் விரல் நீளத்துக்கு ஒரு அரம் இருக்கும். கிடாரின் அடிப்பக்கம் கம்பிகளைத் தாங்குகிற குதிரையின்மேல் பதித்த பித்தளைப் பட்டையில் முதல் கம்பி எங்கே ஏறி இறங்குகிறதோ, அங்கே இரண்டே இழுப்பு. போட்டிருப்பது பத்தாம் நம்பர் கம்பி, தலைமுடி மாதிரி. அதற்குமேல் தாங்காது. பாட்டின் கடைசி அடியில் ஓங்கி ஒரு மீட்டு மீட்டினால் டப்பென்று அறுந்து துள்ளும். தன் துக்கம் தாளாமல்தான் கம்பியே அறுந்தது என்று அந்த ஆள் ஸ்திபானைக் கட்டிக்கொண்டு அழுவான். ஜெர்மன் மார்க் நோட்டை மடித்துக் கிடாரின் வாய்க்குள் திணிப்பான்.

இதில் ஸ்திபானுக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது. குடித்துவிட்டு அழுகிறவனை அவர் நம்புவதில்லை. பாதிரியாரையும் நம்புவதில்லை, டாக்டரையும் நம்புவதில்லை. "பாவம்டா அவன்" என்று கூட வாசிக்கிற கிர்கோ மட்டும் சொல்வான். சொல்லிவிட்டுத் தன் பங்கை வாங்கிக்கொள்வான்.

கிர்கோ விஷயத்தில் விளையாட அவருக்கு மனசில்லை. சத்தியம் பண்ணியிராவிட்டாலும் அறுத்திருக்க மாட்டார். ஆனால் கம்பி தானாக அறுந்து தொலைத்தால் யார் நம்புவார்கள்? பஸ் பிடித்து டவுனுக்கு, சுபோடிசாவுக்குப் போய்ப் பதின்மூன்றாம் நம்பர் கம்பி கேட்டார். "இந்த வயசுல இவ்வளவு தடிக்கம்பியா? விரல் போயிடும் பெரியவரே" என்றான் கடைக்காரன். பழைய சரக்கைத் தலையில் கட்டிவிடுவான் என்று மூன்று உறையைப் பிரித்து, கம்பியை விரலால் உருவிப் பார்த்துத்தான் வாங்கினார். அடக்கத்தன்று அரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

கல்லறைத் தோட்டத்தில் அன்றைக்கென்று காற்று வேகமாக அடித்தது. பாதிரியார் படித்து முடித்தபின் ஸ்திபான் முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் பெரிய பாஸ் வாத்தியத்தோடு அந்துன். தடித்த கம்பியை அழுத்த அழுத்த விரல் நுனி எரிந்தது. ஓங்கி மீட்டவே இல்லை. தூங்குகிற குழந்தையின் தலைமாட்டில் வாசிப்பதுபோல்தான் வாசித்தார். இரண்டாவது அடி பாதியில் வரும்போது கம்பி அறுந்தது.

பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பாதிரியார் தொப்பியைக் கையில் பிடித்தபடி மேலே பார்த்தார்.

"என்ன பெரியவரே, இங்கயுமா?" அந்துன் உதடு அசையாமல் முணுமுணுத்தான். "செத்தவன் எழுந்து நோட்டு திணிப்பான்னு நினைச்சீங்களோ?"

"நான் தொடலடா."

"சரி சரி. வாசிங்க, பாக்கறாங்க."

மிச்சக் கம்பிகளை வைத்து எப்படியோ முடித்தார். தேஸா அழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்டாட்டி விட்டுப் போன நாளிலிருந்து ஸ்திபானுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு கிர்கோ வீட்டில்தான். அந்த ஞாயிறு போனார். புகைபோக்கியில் புகை வந்தது, வெளிக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார். நாய்தான் வந்து பார்த்தது. உலகத்தில் அவருக்கென்று ஒரு தட்டு வைக்கிற வீடு அது ஒன்றுதான். திரும்பி வந்து ரொட்டியும் வெங்காயமும் தின்றார்.

பிறகு கிடாரை மடியில் போட்டு அறுந்த நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். அரம் போட்டு அறுந்த கம்பி ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று சீவியிருக்கும். இது இரண்டு பக்கமும் கடிபட்டிருந்தது. பித்தளைப் பட்டையில் நகத்தை ஓட்டினார். நகம் மாட்டிக்கொண்டது. இத்தனை வருஷமாகக் கம்பியை ராவின அரம் கம்பியோடு நின்றிருக்குமா? பட்டையையும் அறுத்து ஒரு பள்ளம் போட்டிருந்தது. பத்தாம் நம்பர் கம்பி அதற்குள் சுகமாக இறங்கிப் படுத்துக்கொள்ளும். பதின்மூன்று இறங்காது. இரண்டு விளிம்பின்மேலும் உட்கார்ந்து, ஒவ்வொரு மீட்டுக்கும் கடிபட்டுக்கொண்டே இருக்கும். பழைய மெல்லிய கம்பியையே போட்டிருந்தால் அன்றைக்குத் தாங்கியிருக்கும்.

கிடாரை அப்படியே கட்டிலில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். அசதியாக இருந்தது.

இதற்குள் ஊர் வேறு கதை பேசிக்கொண்டிருந்தது. கிர்கோ போன துக்கத்தைக் கிடார்கூடப் பொறுக்கவில்லை என்றார்கள். ரொட்டிக் கடையில் சொன்னார்கள், பால் ஊற்றுகிறவள் சொன்னாள், பாதிரியார் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். எல்லாரும் தேஸாவிடம் வந்து சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு கதவு திறந்திருந்தது. நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். மேஜையில் அவர் தட்டு இருந்தது. தேஸா கோழிச் சூப்பை ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஊரே சொல்லுதுண்ணே. நான்தான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேனோ என்னமோ. நெசத்தைச் சொல்லுங்க. அன்னைக்கு நீங்க அரத்தைத் தொட்டீங்களா?"

"தொடல. வீட்லயே வச்சுட்டு வந்தேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் முகம் இளகியது. பத்து நாளில் பத்து வயது கூடியிருந்தவளுக்கு அதில் பாதி அப்போதே இறங்கியதுபோல் இருந்தது. "அப்போ அவருக்காகத்தான் அறுந்திருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள்.

அதோடு விட்டிருக்கலாம். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவருக்கு அந்த முகத்தைத் தெரியும். கம்பி அறுந்ததும் கட்டிக்கொண்டு அழுத அந்த ஜெர்மனிக்காரர்களின் முகம் அது. இந்த மேஜையில் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியாது.

"இல்ல தேஸா" என்றார். ரொட்டிக் கத்தியை எடுத்து, பட்டையின் விளிம்பும் இப்படித்தான் கூராகிவிட்டது என்று காட்டினார். பட்டையில் விழுந்த பள்ளத்தைச் சொன்னார், தடித்த கம்பி அதில் இறங்காமல் கடிபட்டதைச் சொன்னார். "அன்னைக்கு நான் அறுக்கல. ஆனா அறுத்தது நான்தான். ரொம்ப நாளாவே அறுத்துட்டு இருந்திருக்கேன்."

தேஸா கத்தியை அவர் கையிலிருந்து வாங்கி ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"யார் யாருக்கோ அந்தப் பொய்யை வித்தீங்களே. எனக்கு ஒண்ணு சும்மா குடுத்திருக்கக் கூடாதா?"

ஸ்திபான் யோசித்துப் பார்த்தார். "குடுத்திருக்கலாம்" என்றார்.

அவள் எழுந்து போய் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு அழுதாள். சாவன்றுகூட அப்படி அழவில்லை. எழுந்து போவதா இருப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. போக வேறு இடமும் இல்லை. கரண்டியை எடுத்தார். சூப்பில் உப்பே இல்லை.

வெகுநேரம் கழித்து, திரும்பாமலே அவள் கேட்டாள்: "உப்பு சரியா இருக்கா?"

"இருக்கு" என்றார்.