வட்டியில்லாப் பக்கம்

சாத்தூர்க்காரர்கள் காரை விட்டு இறங்கிவிட்டார்கள் என்று கீழேயிருந்து சத்தம் வந்த பிறகும் காதர் பாட்சா, விடுப்பில் வந்திருந்த மகளின் அறை வாசலை விட்டு நகரவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களைப் படியிறங்கிப் போய்க் கூப்பிட வேண்டிய மனுஷன், வேட்டி முனையைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னார்.

“எந்த பேங்க்குன்னு கேட்டாகன்னா வட்டியில்லாப் பக்கம்னு மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கிறேன்.”

“அந்தப் பக்கத்த மூடி ரெண்டு வருசம் ஆச்சு அத்தா.”

“அது ஒனக்கும் எனக்கும் தெரியும். ஊருக்கு எதுக்குத் தெரியணும்?”

நசிமாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அத்தா பொய் சொல்லுகிற ஆள் இல்லை. விற்கிற கொத்தமல்லி மூட்டையில் ஈரம் இருந்தால், வாங்க வந்தவன் கை விட்டுப் பார்ப்பதற்குள் தானே சொல்லிவிட்டு, விலையில் அடிவாங்குகிறவர். இந்த விஷயமும் அவர் முதன்முதலில் சொன்னபோது உண்மையாகத்தான் இருந்தது. வளைகுடாவில் அவள் வேலைக்குச் சேர்ந்த வங்கிக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் எல்லா வங்கியையும் போல வட்டிக்குக் கடன் கொடுக்கும். இன்னொரு பக்கம், வட்டி கூடாது என்கிற இஸ்லாமிய மார்க்கப்படி நடக்கும். கார் வாங்கப் பணம் கேட்டால் பணத்தைத் தராமல், வங்கியே காரை வாங்கி, லாபம் வைத்து, தவணைக்கு விற்கும். அதற்குத் தனி வாசல், தனிக் கணக்கு, எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று பார்க்க மார்க்க அறிஞர்களின் குழு ஒன்று. நசிமா அந்த வாசல் வழியாகத்தான் போய்வந்தாள். பொட்டப்பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டாரே என்று விருதுநகரில் பேசிய வாய்களையெல்லாம் காதர் பாட்சா அந்த ஒரு வாசலை வைத்தே அடைத்தார்.

பிறகு அந்த நாட்டு மத்திய வங்கி ஓர் உத்தரவு போட்டது. ஒரே வங்கி இரண்டையும் நடத்தக்கூடாது, உள்ளே எங்கேயோ இரண்டு பணமும் கலக்கிறது, ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மூடு என்றது. வங்கி வட்டியை வைத்துக்கொண்டது. வட்டியில்லாப் பக்கத்துக் கணக்குகளை, முழுக்க அந்த வழியிலேயே நடக்கும் வேறொரு வங்கி எடுத்துக்கொண்டது. நசிமாவையும் கூப்பிட்டது, அதே சம்பளத்துக்கு. அவள் போகவில்லை.

பழைய வங்கியின் விதிப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. மத்திய வங்கியின் விதிகளைத் தன் வங்கி மீறாமல் பார்த்துக்கொள்கிற வேலை. ஒரே ஆளுக்கு அளவுக்கு மேல் கடன் கூடாது. இயக்குநர் தன் மச்சானுக்கு அள்ளிக் கொடுக்கக் கூடாது. வேலைக்காரனின் சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் பிடிக்கக் கூடாது. சுருக்கமாகச் சொன்னால், மேனேஜர் முகத்துக்கு நேரே ‘கூடாது’ என்று சொல்வதற்கு மாதச் சம்பளம். பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை மற்றவர்கள் வாயால் கேட்டே வளர்ந்தவளுக்கு அது எப்படி இனித்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. சேர்ந்த புதிதிலேயே, ஒரு டிரைவரின் சம்பளத்தில் முக்கால்வாசியை வங்கி தவணையாக அறுத்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தாள். மேனேஜர் முறைத்தார். அவள் மத்திய வங்கிக்கு எழுதினாள். தவணை இறங்கியது. அந்த டிரைவரை அவள் பார்த்ததே இல்லை. ஆனாலும் அன்றைக்குத் தனியாகப் போய் பிரியாணி வாங்கித் தின்றாள்.

வந்திருந்தவர்கள் ஹாலில் உட்கார்ந்து, தாங்களே கொண்டுவந்த காராச்சேவைத் தின்றுகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தா உபைதுல்லா, பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கிறவர். அம்மா சபியா. மகன் அசாருதீன் வரவில்லை; வளைகுடாவில் நசிமா இருக்கும் அதே ஊரில்தான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். வீடியோவில் பேசியபோதே அவன் சிரிப்பு நசிமாவுக்குப் பிடித்துப்போயிற்று. வேலையைப் பற்றி அவனிடம் சொல்லியும் விட்டாள். “எனக்கு ஒண்ணுமில்ல, எங்கம்மா சம்மதிக்கணும்” என்றிருந்தான். அந்த அம்மா இப்போது இவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“எந்த பேங்க்கும்மா?”

காதர் பாட்சா முந்திக்கொண்டார். “வட்டியில்லாப் பக்கம். நம்ம குடும்பத்துல வட்டியக் கையாலயும் தொடமாட்டோம்.”

“அந்தப் பக்கத்த மூடிட்டாக மாமி” என்றாள் நசிமா. “இப்ப வட்டி வாங்குற பக்கத்துலதான் இருக்கேன்.”

சேவு கடிக்கிற சத்தம் நின்றுபோனது.

“நிர்ப்பந்தம்” என்றார் காதர் பாட்சா அவசரமாக. “திடுதிப்புன்னு மூடிட்டான். புள்ள என்ன செய்யும்?”

“அதான பாத்தேன்” என்று சபியா மூச்சு விட்டாள். “நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்துலயே எடம் இருக்குல்ல.”

எல்லோருக்கும் அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. நசிமா வாயைத் திறக்காமல் நின்றாலே எல்லாம் சுபமாக முடிந்துவிடும். அசாருதீன் கிடைப்பான். ஆனால் விரும்பிச் செய்த ஒரே காரியத்தை வேறு வழியில்லாமல் செய்ததாக இனி ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

“நிர்ப்பந்தம் இல்ல மாமி. வேற பேங்க்ல கூப்பிட்டாக, நான்தான் போகல. எனக்கு இந்த வேலை புடிச்சிருக்கு.”

“பாவம்னு தெரிஞ்சேவா?”

“கீழ நம்ம குடோன் சுவத்துல ஒரு போர்டு இருக்கே, பாத்தீகளா? சரக்கெல்லாம் பேங்க்குக்கு அடமானம்னு. மல்லி, மொளகா அம்புட்டும். அத்தா மாசாமாசம் வட்டி கட்டுறாக. மாமா குடோன்லயும் ஒரு போர்டு இருக்கும். தீவாளி முடிஞ்சு கம்பெனிக்காரன் பணம் தர்ற வரைக்கும் கடன் வாங்காம இங்கன யாரு தொழில் பண்றா? நான் கொற சொல்லல. கடன் குடுக்குறவன் அநியாயம் பண்ணாம ஒரு ஆளு பாக்கணும்ல. அந்த ஆளு நான்.”

உபைதுல்லா மின்விசிறியைப் பார்த்தார். அத்தாவின் முகம் சுண்டிப்போயிருந்தது. அவரை நாலு பேர் முன்னால் அப்படி உட்காரவைத்தது நசிமாவுக்கு வலித்தது. ஆனாலும் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப வாங்க அவளுக்கு மனமில்லை.

சபியா பைக்குள் கைவிட்டு, வாழையிலையில் சுற்றிய மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு நசிமா முன்னால் வந்து நின்றாள். கட்டை குட்டையான உருவம். நசிமாவின் தோளுக்குத்தான் இருந்தாள்.

“வாய் இருக்கு ஒனக்கு. சரி, கல்யாணத்துக்குப் பொறவு அந்த வேலைய விட்ரு. இதுவரைக்கும் பாத்தது நிர்ப்பந்தம்னு ஊருக்கு நானே சொல்லிக்கிறேன். குனிம்மா, பூ வைக்கிறேன்.”

நசிமாவின் பின்னால் நின்ற அவளுடைய அம்மா பிடரியில் கைவைத்து அழுத்தினாள். நசிமா அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

“விடமாட்டேன் மாமி. நிர்ப்பந்தம்னும் சொல்லாதீக. இதுக்குச் சம்மதம்னா வைங்க.”

முக்காட்டைத் தானே பின்னுக்குத் தள்ளிவிட்டு நிமிர்ந்து நின்றாள். சபியாவின் கை சரத்தோடு பாதி உயரத்தில் நின்றது. திரும்பிக் கணவனைப் பார்த்தாள், அவர் இன்னும் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சரத்திலிருந்து ஒரு பூ கழன்று தரையில் விழுந்தது. அதைப் பார்க்கக் கண்ணைத் தாழ்த்திய நசிமாவுக்கு, சபியாவின் செருப்பில்லாத குதிகால்கள் வெறும் தரையை விட்டுக் கொஞ்சமாக எழும்புவது தெரிந்தது.